மேடையின் அடிப்பக்கம்

தெயோபிலோ ஒதோனி
மினாஸ் மாநிலம்
3 மார்ச் 1998

பெரியப்பா,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. எனக்குச் சமையல் மேடைக்கு ஒரு கல் வேண்டும். கல் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அதனால் எழுதுகிறேன்.

என் கல்யாணத்துக்கு அப்பா போட்டுக் கொடுத்த சிவப்புச் சிமெண்ட் மேடை உங்களுக்கு நினைவிருக்கும். சிமெண்டில் செம்பொடி கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு வழுவழுப்பாக்கினார். பதினாறு வருடம் தாங்கியது. இப்போது தொட்டியைச் சுற்றி வெடித்துவிட்டது. வெடிப்புக்குள் எறும்பு குடியிருக்கிறது. துடைத்தால் துணியோடு சிவப்பும் வருகிறது. மரவள்ளி மாவு பிசைந்தால் சீஸ் ரொட்டி ரோஜா நிறத்தில் வருகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உடைக்க மனம் வரவில்லை. மூலையில் அப்பாவின் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. ஈரம் காயும் முன்பு அழுத்திவிட்டு, "இதுதான் என் கையெழுத்து, வேற எதுவும் எழுதத் தெரியாது" என்றார்.

நாளில் பாதி நேரம் நான் நிற்பது அந்த மேடை முன்னால்தான். பகட்டு வேண்டாம். தினமும் புழங்கத் தாங்கவேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. அப்பா போய் ஜூன் வந்தால் இரண்டு வருடம். கடைசி மூன்று நாளும் "ஒசோரியோ அண்ணன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் சொந்தத் தம்பி. அடக்கத்துக்கும் நீங்கள் வரவில்லை. சவப்பெட்டியின் முன்பக்க வலது கைப்பிடியை உங்களுக்காகக் காலியாக விட்டிருந்தோம். கடைசியில் மருந்துக்கடைக்காரர் பிடித்தார்.

அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்? கல்லைப் பற்றி எழுதும்போது அதையும் எழுதுங்கள். ஒரே ஒரு நிஜம் போதும் எனக்கு.

டால்வினா

*

கஷோய்ரோ
14 மார்ச் 1998

கஷோய்ரோவின் கல்லுக்கெல்லாம் பெரியப்பாவான ஒசோரியோ பிராவிம், தன் மகள் டால்வினாவுக்கு எழுதுவது.

நீ வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறாய். மலையை வெளியிலிருந்து பார்த்தே உள்ளே என்ன நிறம் என்று சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருவர் கடவுள். இன்னொருவர் பெயரைச் சொன்னால் தற்பெருமை என்பாய். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை.

கேட்டுக்கொள். எவர்சில்வர் மேடை ஆஸ்பத்திரிக்கும் கசாப்புக் கடைக்கும் சரி. கரண்டி விழுந்தால் தெருவே வந்து என்ன ஆச்சு என்று கேட்கும். டைல்ஸ் போட்டால் இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், பல்குச்சியோடுதான் நீ சமைக்கவேண்டும். மரம் மழையில் உப்பும். உங்கள் மினாஸ்காரர்கள் மாக்கல் என்றால் உயிரை விடுவார்கள். சட்டிக்கு அது நல்லது. மேடையாகப் போட்டால் உன் மோதிரம் பட்டாலே கோடு.

மார்பிள்? ஐயோ, கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். எலுமிச்சை பட்டால் கல்யாணப் பெண் மாதிரியே அழும். ஒரு மந்திரி வீட்டுக்கு நானே மார்பிள் மேடை போட்டேன். மந்திரி அதன்மேல் எலுமிச்சை பிழிந்தார். அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார்.

கிரானைட்தான். அதிலும் கரும்பச்சை. வெயில் பட்டால் உள்ளே பொன்துகள் மின்னும். கொதிக்கிற குக்கரை அடுப்பிலிருந்து எடுத்து நேரே அதன்மேல் வை, அது கண்கூடச் சிமிட்டாது. துண்டுகள் அனுப்புகிறேன், நீயே சோதித்துப் பார். உன் முழங்கையிலிருந்து ஒரு சாண் கீழே மேடை வரவேண்டும். அளந்து அனுப்பு. உன் அப்பன் கண் அளவில் போட்டிருப்பான். சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றிலும் என்னைவிடச் சிறியவன் பெனீசியோ. உயரத்தில் சிறியவன், குரலில் சிறியவன், என் கட்டைவிரலில் பாதி இருக்காது அவன் கட்டைவிரல். ஆற்றைத் தாண்டும்போது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவது நான்தான்.

அந்த நாள் பற்றிக் கேட்டாய். ஆற்றில் வெள்ளம் மகளே. பாலத்தையே அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் கரையில் நின்று ஆற்றைத் திட்டிய திட்டில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. பஸ்தான் வரவில்லை.

உன் பெரியப்பா
ஒசோரியோ

*

தெயோபிலோ ஒதோனி
2 ஏப்ரல் 1998

பெரியப்பா,

அப்பா இறந்தது ஜூன் மாதம். சொட்டு மழை பெய்யாத ஜூனில் வெள்ளமா? என் வீட்டுக்காரர் வால்டெசிர் அந்தப் பாதையில்தான் லாரி ஓட்டுகிறார். "பாலமா? அது எங்கேயும் போகலடி. நான் அந்த வாரம் ரெண்டு தடவை அது மேல போயிருக்கேன்" என்கிறார். என் பிள்ளைகள்கூட இதைவிட நன்றாகப் பொய் சொல்லும்.

துண்டுகள் வந்தன. அவற்றைப் போட்டு அனுப்பிய பெரிய பழுப்பு உறை எதற்கு? எக்ஸ்ரே எடுக்கிற இடத்தின் உறை. மேலே எழுதியிருந்த பெயரைப் பேனாவால் அடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னபடி சோதித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்முன் ஒவ்வொரு துண்டின்மேலும் ஒரு எலுமிச்சை மூடி, ஒரு சொட்டு காபி, கொஞ்சம் பன்றிக்கொழுப்பு, ஒரு பீட்ரூட் வில்லை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மார்பிளில் எலுமிச்சை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெண்தழும்பு. மாக்கல் கொழுப்பைக் குடித்துக் கருத்துவிட்டது. சாம்பல் நிறக் கிரானைட்டில் பீட்ரூட் நிறம் லேசாகத் தங்கியது, மூன்று தடவை கழுவிய பிறகு போனது. கரும்பச்சையில் ஒன்றுமே இல்லை. ஒரே துடைப்பு.

அதுவே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். நீளம் இரண்டு மீட்டர் பத்து, அகலம் அறுபது. தொட்டி சன்னல் பக்கம் வரவேண்டும், மாவு பிசைய அடுப்பு ஓரத்தில் இடம் வேண்டும். என் முழங்கை தரையிலிருந்து ஒரு மீட்டர் எட்டு.

கல் விஷயத்தில் உங்கள் பேச்சு பொய்யில்லை. மற்றதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

டால்வினா

*

கஷோய்ரோ
11 ஏப்ரல் 1998

புத்திசாலி மகளுக்கு,

ஒரு பூசை நேரத்தில் நீ செய்த சோதனையை இங்கே எஞ்சினியர்கள் ஆறு மாதம் செய்கிறார்கள். பிராவிம் ரத்தம் அது. உன் அம்மா பக்கத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை.

எக்ஸ்ரே உறைக்கு ஏன் முகம் சுளிக்கிறாய்? இங்கே கல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கிறோம். வெளியே பார்த்தால் மாசில்லாமல் இருக்கும், உள்ளே வெடிப்பு ஓடும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். இந்த வித்தையைக் கண்டுபிடித்ததே நான்தான், முதலாளி தன் பெயரில் சொல்லிக்கொள்கிறான். உறைமேல் நான் அடித்தது ஒரு கல்லின் பெயர். கல்லுக்கும் மானம் இருக்கிறது, அதன் வியாதியை எல்லோரும் ஏன் படிக்கவேண்டும்?

உன் கல்லை நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். இரண்டு வருடமாக ஒருவர் கையும் படாமல் போர்வை போர்த்தி வைத்திருந்த பலகை. ஒரு சீமாட்டி இதைக் கேட்டு அழுதாள், தரவில்லை. வால்டெசிர் மே மாதம் இந்தப் பக்கம் வரும்போது லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். தொட்டிக்கான துளையை நான் சொல்கிற இடத்தில்தான் போடுவார்கள், உன் கொத்தனார் கை வைக்கக்கூடாது.

பாலம் என்று போன கடிதத்தில் எழுதியது வேறொரு வருடத்துக் கதை, வயதாகிவிட்டது, கலந்துவிட்டது. அந்த நாளில் நான் விட்டோரியாவில் இருந்தேன். பிஷப்புக்குப் பலிபீடம் பொருத்திக்கொண்டிருந்தேன். அரை டன் கல் என் தோளில் இருக்கும்போது தந்தி வந்தது. கீழே போட்டால் பிஷப் செத்திருப்பார்.

ஒரு சின்ன வேண்டுகோள். பெனீசியோவின் மேடையை உடைக்கும்போது அந்த விரல் பதிந்த மூலையை முழுசாக எடுத்து வை. இங்கே எஞ்சினியர்கள் அவனுடைய சிமெண்ட் கலவையை ஆராய வேண்டும் என்கிறார்கள். என்னிடம் அனுப்பு.

ஒசோரியோ

*

தெயோபிலோ ஒதோனி
6 மே 1998

பெரியப்பா,

கல் வந்து சேர்ந்தது. நாலு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். கொத்தனார் ஜுவெனால் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் கல்லுக்கு வயித்துலயும் பாலிஷ் போட்டிருக்கான். எவன் தரையில படுத்துக்கிட்டுப் பார்க்கப் போறான்?" என்றான்.

அழகாக இருக்கிறது. அதை எழுதாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். காலையில் சன்னல் வெயில் விழும்போது உள்ளே பொன்துகள் எரிகிறது. உயரம் சரியாக இருக்கிறது. இரண்டு நாளாக முதுகு வலிக்கவில்லை.

ஆனால் ஒன்று நெஞ்சில் நிற்கிறது. வால்டெசிர் பத்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தார். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம். உட்கார்ந்தபடியே கை நீட்டினீர்களாம். ஒரு காபிகூடக் கலந்து கொடுக்கவில்லை, அவரையே போய்க் கலந்துகொள்ளச் சொன்னீர்களாம். வேறு என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "விடுடி, பெரியவரு" என்கிறார். அப்பாவின் மருமகன் உங்களுக்கு அவ்வளவு இளப்பமாகிவிட்டாரா?

அப்பாவின் மேடையைத் திங்கட்கிழமை உடைத்தோம். முதல் சுத்தியல் அடியில் நான் வெளியே போய்விட்டேன். மூலைத் துண்டு முழுசாக வந்தது. துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். பிஷப்பும் பலிபீடமும் இருக்கிற வரைக்கும் அது அலமாரியில்தான் இருக்கும். நிஜம் வரட்டும், அனுப்புகிறேன்.

டால்வினா

*

கஷோய்ரோ
17 மே 1998

மகளே,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். மேசை கோணல்.

நாற்காலி விஷயம் இப்படி. அது மாநில ஆளுநர் எனக்குப் பரிசாகக் கொடுத்த நாற்காலி. அதில் உட்கார்ந்தவன் விருந்தாளி வந்தால் எழுந்திருக்கக்கூடாது என்று ஒரு மரியாதை இருக்கிறது. வால்டெசிருக்கு இதெல்லாம் தெரியாது, பாவம் லாரிக்காரன். நல்ல பையன். அவன் போட்ட காபி எனக்குப் பிடித்திருந்தது.

அடிப்பக்கம் பாலிஷ் ஏன் என்றால், எறும்பு ஏறினால் வழுக்கி விழவேண்டும் என்று. உன் எறும்புப் பிரச்சினையை நான் மறக்கவில்லை, பார்த்தாயா?

துண்டை அனுப்பு டால்வினா. எஞ்சினியர்கள் அவசரப்படுகிறார்கள்.

ஒசோரியோ

*

தெயோபிலோ ஒதோனி
9 ஜூன் 1998

பெரியப்பா,

நேற்று மதியம் பீன்ஸ் வேகவைத்தேன். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி, நீங்கள் எழுதினீர்களே, நேரே கல்மேல் வை என்று, அப்படியே வைத்தேன். இத்தனை நாள் பழக்கதோஷத்தில் மரப்பலகைமேல்தான் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தரையில் கருப்பாகச் சொட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. தொட்டுப் பார்த்தேன். மெழுகு. கல்பொடி கலந்த கருப்பு மெழுகு.

கல்லில் சின்னப் பள்ளம் இருந்தால் உங்கள் பட்டறையில் இப்படித்தான் அடைப்பீர்கள் என்று வால்டெசிர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். எந்தப் பள்ளம் என்று பார்க்க மேடைக்கு அடியில் கையை விட்டேன். விரலுக்கு முதலில் பட்டது ஒரு வளைவு. பிறகு ஒரு கோடு. அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் புரியவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தேன். எவன் படுத்துப் பார்க்கப் போகிறான் என்று ஜுவெனால் கேட்டானே, நான்தான்.

ஒசோரியோ பிராவிம். பிறந்ததற்கு நட்சத்திரம், 1931. பக்கத்தில் சிலுவை. சிலுவைக்குப் பிறகு, இறந்த வருடம் வரவேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை.

நீங்கள் தொட்டித் துளையை ஏன் நீங்கள் சொல்கிற இடத்தில்தான் போடவேண்டும் என்றீர்கள் என்று இப்போது தெரிகிறது. உங்கள் பெயர் வெட்டுப்படக்கூடாது என்று.

நான் அப்படியே கிடந்தேன். கடைக்குட்டி வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, கீழே என்னம்மா இருக்கு?" என்றாள். "தாத்தா இருக்காருடி" என்று வாயில் வந்துவிட்டது.

வால்டெசிர் வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாத்தையும் சொல்லு."

"எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாருடி."

"உன் சத்தியத்துல கல்லைப் போடு. சொல்லு."

"மூக்குல குழாய் மாட்டியிருக்காரு. பக்கத்துல இத்தனை பெரிய சிலிண்டர். என்ன மாமா இதுன்னு கேட்டா, சமையல் கேஸு மாப்ளே, கிடைக்காமப் போயிடும்னு வாங்கி வச்சிருக்கேங்கறாரு. நாலு வார்த்தை பேசிட்டு நாப்பது மூச்சு வாங்கறாரு. எழுந்திருக்கத்தான் பார்த்தாரு டால்வினா. ரெண்டு தடவை பார்த்தாரு. நான்தான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்."

எக்ஸ்ரே உறையைத் தேடி எடுத்தேன். பேனாக் கோட்டுக்கு அடியில் கூர்ந்து பார்த்தால் பெயர் தெரிகிறது. கல்லின் பெயரா அது? வெளியே மாசில்லாமல், உள்ளே வெடிப்பு ஓடுகிற கல்லா?

அந்த மூலைத் துண்டு எதற்கென்றும் இப்போது தெரியும். எஞ்சினியர்களுக்கு இல்லை. உங்கள் கல்லை எனக்குக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் கல்லறையின் தலைமாட்டுக்கு வேறு வேண்டும்.

துண்டை வால்டெசிரிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். பேரம் பேசியதற்கு வெட்கப்படுகிறேன். ஜூலையில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளோடு வருகிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், காபி நான் போடுகிறேன்.

என் கல்லில் வருடம் வெட்ட எவனையும் வீட்டுக்குள் விடமாட்டேன். அது காலியாகவே இருக்கட்டும்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள் பெரியப்பா. கல் சொன்னது போதாது. உங்கள் வாயால் வேண்டும்.

டால்வினா

*

கஷோய்ரோ
20 ஜூன் 1998

டால்வினா,

இதை நாலு நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஆறு வரி.

அவனுக்கு முடியவில்லை என்று தந்தி வந்த அன்றே கிளம்பினேன். வெள்ளம் இல்லை, பிஷப் இல்லை. விட்டோரியாவில் பஸ் மாறவேண்டும். அடுத்த பஸ் மேல்தளத்தில் நின்றது. இருபத்திரண்டு படி. பதினொன்றாவது படியில் மூச்சு நின்றுபோனது. ஒரு வாழைப்பழக்காரி என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். பஸ் கிளம்புவதை அங்கிருந்தே பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எத்தனை வருஷமா கல்லு அறுக்கறீங்க?" என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். "அத்தனையும் உள்ள இருக்கு" என்றார். யோசித்துப் பார், என் நெஞ்சுக்குள் ஒரு குவாரியே இருக்கிறது, இந்த ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது? இது ஒன்றுதான் நான் கூட்டிச் சொல்லாமல் சொன்னது.

மூன்றாம் நாள், அவன் போய்விட்ட சேதி வந்தபோது, எழுந்து உட்கார முடிந்தது. வாடகைக்காரில் படுத்துக்கொண்டாவது அடக்கத்துக்கு வந்திருக்கலாம். அதுதான் நீ கேட்ட நிஜம். வந்திருக்கலாம், வரவில்லை. அந்த முன்பக்கக் கைப்பிடி எனக்காக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து அடி நடந்திருக்க மாட்டேன். பெனீசியோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டியவன், அவன் பெட்டியைக் கீழே போட்டான் என்று ஊர் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அவன் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான் என்று நீ எழுதிய பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தால் தவழ்ந்தாவது வந்திருப்பேனோ என்னவோ. வந்திருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அந்தப் பலகையை எடுத்துப் பெயரை வெட்டினேன். சமையல் மேடையும் கல்லறை மூடியும் ஒரே பட்டறையில்தான் அறுக்கிறோம், அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பார்த்ததிலேயே நல்ல கல் அது. நீ மேடைக்குக் கேட்டாய். நான் படுத்துக்கொண்டு அதை என்ன செய்யப் போகிறேன்? உன் மாவும் எலுமிச்சையும் அதன்மேல் இருக்கட்டும். பெயரைத் தேய்த்து அழித்திருக்கலாம். அதற்கு மனம் வரவில்லை. குக்கரைப் பற்றி நானே எழுதியதை மறந்துவிட்டு மெழுகில் அடைத்தேன், நாற்பத்தொரு வருட வேலைக்காரன்.

ஜூலையில் வா. இருப்பேன் என்று பெருமையடிக்க மாட்டேன்.

வால்டெசிர் துண்டை மடியில் வைத்துவிட்டுப் போனான். சிவப்பு இன்னும் போகவில்லை. துணியை ஈரமாக்கித் துடைத்தேன், துணி சிவந்தது. அவன் கட்டைவிரல் பதிந்த குழியில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இடம் மிச்சம் இருந்தது.

அவனுடையதுதான் பெரியது.

ஒசோரியோ